இன்னொரு சிப்புக்காக ஒரு கம்பைலர்

லினக்ஸில் ஓடும் எந்த நிரலையும் எடுத்து அதன் பைட்டுகளை முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். பத்தொன்பதாவது பைட்டில் ஓர் எண் இருக்கும். அது 62 என்றால் அந்த நிரல் இன்டெல், ஏஎம்டி வகை 64 பிட் சிப்புக்கானது. 40 என்றால் 32 பிட் ஆர்ம். 183 என்றால் 64 பிட் ஆர்ம். ரிஸ்க்-ஃபைவ் என்றால் 243. என் மேசைக் கணினியில் இருக்கும் நிரல்கள் எல்லாம் 62. அதே மேசையில் 65 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமுமாக ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ கிடக்கிறது. அதற்கு 40 மட்டும்தான் புரியும். 62இல் உட்கார்ந்துகொண்டு 40க்கான நிரல் செய்து தரும் கம்பைலருக்குத்தான் கிராஸ் கம்பைலர் என்று பெயர். அதைக் கட்டத் தொடங்கும் முன் என்னென்ன கருவிகளை எடுத்து வைக்க வேண்டும், ஏன் அந்த வரிசையில் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கோவையில் நூற்பாலைகளுக்கான கண்காணிப்புக் கருவிகள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதுகிறேன். பஞ்சு நூலாகும் கூடத்தில் காற்றின் ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். அந்த ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் இரவு பகலாக அளந்து சொல்ல இந்தச் சின்ன போர்டு போதும். ஆனால் போர்டில் ஓடும் நிரலை போர்டிலேயே உருவாக்குவது வேறு சங்கதி. பை ஜீரோவின் நினைவகம் 512 எம்பி, வேகம் 1 கிகாஹெர்ட்ஸ், கோர் ஒன்றே ஒன்று. சி மொழியில் பத்து வரி என்றால் சமாளித்துவிடும். லினக்ஸ் கர்னலையே அதில் கம்பைல் செய்யச் சொன்னால், கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போக வேண்டியதுதான். இதைவிடச் சிறியவற்றில் அந்த வழியும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள்கூட வைத்திருக்கும் ஆர்டுவினோ ஊனோவில் நிரலுக்கான இடம் 32 கேபி, நினைவகம் 2 கேபி. கம்பைலரை அதற்குள் ஏற்றவே முடியாது. நிரல் வெளியே தயாராகித்தான் உள்ளே போகும். வாஷிங் மெஷின், வைஃபை ரவுட்டர், மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது வேறொரு கணினியில் உருவாக்கப்பட்ட நிரல்தான். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் செயலிகளும் யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் பிறந்தவையே.

இது இன்று வந்த பழக்கமில்லை. அப்போலோ விண்கலத்தின் கணினிக்கான ஆரம்ப கால நிரல்களை எம்ஐடி பொறியாளர்கள் ஹனிவெல் பெருங்கணினிகளில் ‘யூல்’ என்ற அசெம்ப்ளரை வைத்து உருவாக்கினார்கள். அப்படி வந்த ஒன்றுகளும் பூஜ்யங்களும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தமில், ரேதியான் ஆலைப் பெண்களின் கையால் கம்பிகளாகக் காந்த வளையங்களுக்குள் கோக்கப்பட்டன. 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் அல்டேர் கணினிக்கு பேசிக் மொழியை எழுதியபோது அவர்களிடம் அல்டேரே கிடையாது. ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில், இன்டெல் 8080 சிப்பைப் போல நடந்துகொள்ளும் ஒரு நிரலை ஆலன் எழுத, அதன் மேல்தான் எல்லாம் நடந்தது. காகித நாடாவை எடுத்துக்கொண்டு ஆலன் விமானத்தில் ஆல்புகர்க்கி போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த நிரல் உண்மையான அல்டேரைப் பார்த்தது.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவின் ‘சக்தி’ ப்ராசஸர் 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவது. பெர்க்லியில் 2010இல் தொடங்கிய அந்தத் தொகுப்புக்கான ஆதரவு ஜிசிசி கம்பைலரில் 2017இல் வந்தது. லினக்ஸ் கர்னலிலும் ஜிலிப்சி என்ற சி நூலகத்திலும் 2018 தொடக்கத்தில் வந்தது. புதிதாகப் பிறக்கும் எந்த சிப்பிலும் முதல் நாளில் ஒன்றுமே ஓடாது. அதற்கான முதல் கம்பைலர் வேறு சிப்பில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே சொந்தமாக சிப் செய்ய ஆசைப்படும் நாட்டில் இந்த வேலை தெரிந்த கைகள் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பொறியியல் கல்லூரிப் பாடத்தில் கம்பைலர் பற்றிய கோட்பாடு இருக்கிறது. கம்பைலரைக் கட்டிப் பார்க்கும் பயிற்சியைப் பல இடங்களில் காணோம்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. “ஏனுங்கக்கா, உபுண்டுல ஒரு கமாண்டு அடிச்சா ஆர்ம் கம்பைலர் ரெடிமேடா வந்துருதே. அப்புறம் எதுக்குங்க சோர்ஸை இறக்கி நாமளே கட்டோணும்?”

“அதையே போட்டுக் கம்பைல் பண்ணி போர்டுல ஓட்டிப் பாருங்க” என்றேன்.

ஓட்டினார். நிரல் ஓர் எழுத்துகூட அச்சிடாமல் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒற்றை வரியோடு செத்தது. பத்தொன்பதாவது பைட்டைப் பார்த்தால் 40, சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ‘ரீட்எல்ஃப்’ என்ற கருவியை ஓடவிட்டு, ஆர்ம் கோப்புகளின் பண்புப் பட்டியலைத் திறந்து காட்டினேன். சிப் வகை என்ற இடத்தில் ‘வி7’ என்று இருந்தது. பை ஜீரோவில் இருப்பது ஆர்ம் 1176. அது வி6 தலைமுறை. உபுண்டுவும் டெபியனும் தரும் அந்தக் கம்பைலர் வி7இலிருந்து மேலே உள்ளவற்றுக்காகக் கட்டப்பட்டது. தம்பி விடவில்லை. கம்பைலரிடம் வி6 என்று சொல்லி மறுபடி முயன்றார். அப்போதும் கடைசி நிரலில் வி7தான் வந்து நின்றது. காரணம் இதுதான். நாம் எழுதும் பத்து வரியோடு, நிரலைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டுகளும் கம்பைலரோடு வரும் துணை நூலகமும் சேர்த்துத்தான் லிங்கர் ஒட்டுகிறது. அவை ஏற்கெனவே வி7க்காகக் கம்பைல் ஆகி, பொட்டலத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஒரு துண்டு வி7 ஆக இருந்தாலும் லிங்கர் மொத்த நிரலுக்கும் வி7 முத்திரை போட்டுவிடும். போர்டில் நிரல் சாவது பெரும்பாலும் நாம் எழுதிய வரியில் இல்லை, நாம் பார்த்தே இராத அந்தத் துண்டுகளில்.

கிராஸ் கம்பைலர் கட்டும் கலை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்பேன். கட்டும் கணினியின் எந்தச் சாயலும், வேறெந்தக் கணினியின் சாயலும், போர்டுக்குப் போகும் நிரலில் ஒட்டக்கூடாது. கீழே சொல்லப்போகும் ஏற்பாடு ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

முதலில் சொந்தக் கணினியைத் தயார் செய்ய வேண்டும். ஜிசிசியும் பெருமளவு சி++ மொழியில் எழுதப்பட்ட நிரல்தான். அதைக் கட்ட நம் கணினிக்கான சாதாரண கம்பைலர் ஒன்று இருக்க வேண்டும். உபுண்டுவில் ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற பொட்டலத்தை நிறுவினால் அதுவும் ‘மேக்’ கருவியும் சேர்ந்தே வந்துவிடும். அதற்கு மேல் பைசன், ஃப்ளெக்ஸ், காக், எம்4, பேட்ச், பைத்தான், ஆர்சிங்க். இந்தப் பட்டியலில் பலர் விட்டுவிடுவது டெக்ஸ்இன்ஃபோ. அது கையேடுகளை அச்சுக்குத் தயாரிக்கும் பொட்டலம். கம்பைலருக்கும் கையேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் ‘மேக்இன்ஃபோ’ கிடைக்கவில்லை என்ற புகாரோடு, பாதி ஓடிய கட்டுமானம் நின்றுபோவதுண்டு. முன்னதாகவே நிறுவிவிடுவது நல்லது. வட்டில் பல ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். ஜிசிசியின் சோர்ஸ் சுருக்கிய நிலையிலேயே 80 எம்பி அளவுக்கு வரும். விரித்துக் கட்டத் தொடங்கினால் அது ஊதிக்கொண்டே போகும். நினைவகம் குறைவான கணினியில் ‘மேக்’குக்கு ஒரே நேரத்தில் நிறைய வேலை கொடுத்தால், கர்னல் நடுவில் கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற சொல் மட்டும் மிஞ்சும். கோர் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் வேலையைப் பிரிக்காமல் நினைவகத்தையும் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது சுத்தமான இடம். இந்த வேலைக்கென்றே தனி யூசர் ஒன்றை உருவாக்கச் சொல்வேன். அன்றாடம் புழங்கும் யூசரின் அமைப்புகளில் என்னென்னவோ ஒட்டியிருக்கும். நூலகங்களை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியில் ஏதாவது எழுதியிருந்தால், கிராஸ்டூல்-என்ஜி என்ற கட்டுமானக் கருவி வேலையைத் தொடங்கவே மறுக்கும். ரூட் யூசராக ஓட்டினாலும் மறுக்கும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ரூட்டாக இருந்து இலக்குக் கோப்புறையின் பெயரை ஓரிடத்தில் விட்டுவிட்டால், போர்டுக்கான நூலகம் நம் கணினியின் சொந்த நூலகத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் கணினியில் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாது. கோப்புறைப் பெயர்களில் இடைவெளி விடாதீர்கள். சோர்ஸ் ஓரிடத்திலும், கட்டும் இடம் தனியாகவும் இருக்கட்டும். ஜிலிப்சி இதில் இன்னும் கறார். சோர்ஸ் கோப்புறைக்குள்ளேயே கட்டப் பார்த்தால் ஏற்றுக்கொள்ளாது.

ஜிசிசிக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நூலகங்கள் வேண்டும். சோர்ஸோடு வரும் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓடவிட்டால் அதுவே இறக்கிக் கொடுத்துவிடும். கம்பைலருக்கு எதற்குக் கணிதம்? நம் நிரலில் மாறாத எண்களை வைத்து ஒரு கணக்கு இருந்தால், அதை போர்டுக்கு விட்டுவைக்காமல் கம்பைலரே போட்டு விடையை எழுதிவிடும். உதாரணமாக, 1இன் சைன் மதிப்பு. அந்தக் கணக்கை என் மேசைக் கணினியின் கணித நூலகத்தை நம்பிப் போட்டால், கடைசித் தசம இடத்தில் அந்தக் கணினியின் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கணினியில் உட்கார்ந்து போட்டாலும் விடை ஒன்றாகவே வர வேண்டும். அதனால்தான் 2008இல் வந்த ஜிசிசி 4.3 முதல் ஜிஎம்பியும் எம்பிஎஃப்ஆரும் கட்டாயமாயின. எம்பிசி பிறகு சேர்ந்தது. இந்த ஜாக்கிரதையை நினைக்கும்போது அதை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இனி வரிசை. முதலில் பைனுட்டில்ஸ். அசெம்ப்ளரும் லிங்கரும் அதில்தான் இருக்கின்றன. இலக்கு எது என்பதை ஒரே சொற்கோவையில் கொடுக்க வேண்டும்: ஆர்ம், லினக்ஸ், க்னூ, கடைசியில் தசம எண்களை சிப்பே கணக்கிடும் என்பதற்கான ‘எச்எஃப்’. அடுத்து லினக்ஸ் கர்னலின் ஹெட்டர் கோப்புகள். இவை கம்பைல் ஆவதில்லை, நகலெடுத்து வைத்தால் போதும். அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கும். ஜிசிசியை முழுதாகக் கட்டி முடிக்க போர்டுக்கான சி நூலகம் வேண்டும். அந்த நூலகத்தைக் கம்பைல் செய்ய போர்டுக்கான கம்பைலர் வேண்டும். தயிர் தோய்க்க ஒரு கரண்டி தயிர் கேட்கிற கதைதான். உறைக்கு என்ன செய்வது? ஹெட்டர்களும் நூலகமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, சி மொழி மட்டும் தெரிந்த குறைக் கம்பைலர் ஒன்றை முதலில் கட்டுகிறோம். அதனால் முழு நிரல் எதையும் செய்ய முடியாது. ஆனால் ஜிலிப்சியைக் கம்பைல் செய்யும் அளவுக்கு அது போதும். ஜிலிப்சி வந்ததும் திரும்பிப் போய், சி++ உட்பட எல்லாம் தெரிந்த முழு ஜிசிசியைக் கட்டுகிறோம். குறைக் கம்பைலரின் வேலை அத்தோடு முடிந்தது.

இரண்டு முறையும் ஜிசிசியிடம் சொல்லியே ஆக வேண்டிய மூன்று சொற்கள் உண்டு: ஆர்ம் வி6, விஎஃப்பி, ஹார்ட் ஃப்ளோட். இங்கே சொன்னால் நிரலைத் தொடங்கி வைக்கும் துண்டுகளும் துணை நூலகமும் வி6ஆகவே பிறக்கும். தம்பியின் கேள்விக்குப் பதில் இந்த ஒரு வரியில்தான் இருந்தது.

ஜிலிப்சியில் எந்தப் பதிப்பு என்பதைப் புதியதா பழையதா என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது. போர்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். டெபியன் 11இல் இருப்பது 2.31. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35. புதியதை வைத்துக் கட்டிய நிரலைப் பழையதில் ஓட்டினால், ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். நம் நிரலில் புதிதாக எதுவும் பயன்படுத்தாவிட்டாலும் அப்படித்தான். மெயின் ஃபங்க்‌ஷனுக்கு முன்னால் ஓடும் தொடக்க அழைப்பே 2.34இல் மாறிவிட்டது. எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். கர்னல் ஹெட்டர்களும் அப்படியே. சந்தேகம் இருந்தால் பழைய பக்கம் சாயுங்கள்.

கட்டி முடித்ததும் சோதிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. போர்டு கையில் இல்லாதபோது க்யூஎமு என்ற போலி இயந்திரத்தில் நிரலை ஓட்டிப் பார்ப்போம். ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய அருமையான மென்பொருள் அது. ஆனால் எந்த சிப் என்று சொல்லாவிட்டால் தனக்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளையும் ஏற்றுக்கொள்ளும். வி7 நிரலும் அதில் சிரித்த முகத்தோடு ஓடும், போர்டில் செத்துப்போகும். ‘ஆர்ம் 1176’ என்று சிப்பின் பெயரைக் கொடுத்து ஓட்ட வேண்டும். நான் அதற்கும் முன்பே ‘ரீட்எல்ஃப்’ பட்டியலில் வி6 வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். ஓட்டாமலே தெரிந்துவிடும்.

இறக்கும் சோர்ஸ்களின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதைச் சலிப்பான வேலை என்று பலரும் தாண்டிவிடுகிறார்கள். இந்தத் துறையில் அது கூடாது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சன் தன் டூரிங் விருது உரையில், ஒரு கம்பைலருக்குள் ஒளித்துவைத்த சூது அடுத்தடுத்த கம்பைலர்களுக்குச் சோர்ஸில் தடயமே இல்லாமல் தொற்றும் என்று விளக்கிக் காட்டினார். அந்த உரை 1984இல் வெளியானது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவியதில் கிடைத்தது அது. அந்தச் சூதை உசுப்பும் வரி பொதுவில் இருந்த சோர்ஸ் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தின் கட்டுமான ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தது. கையொப்பம் மட்டும் பார்த்திருந்தால் அது சிக்கியிருக்காது, ஏனென்றால் வெளியிட்டவரே கையொப்பமிட்டவர். ஆனாலும் கட்டுமான ஸ்கிரிப்டுகளையும் படிக்க வேண்டும் என்று அதன் பிறகு பலருக்கு உறைத்தது. நாம் ஜிசிசி சோர்ஸை விரிப்பது எக்ஸ்இசட்டை வைத்துத்தான்.

இவ்வளவையும் தானாகச் செய்யும் கருவிகள் இருக்கின்றன. கிராஸ்டூல்-என்ஜியில் மெனுவில் தேர்ந்தெடுத்தால் வரிசை பிசகாமல் கட்டிக் கொடுத்துவிடும். பில்ட்ரூட் கம்பைலரோடு போர்டுக்கான முழு லினக்ஸையும் சேர்த்தே தரும். அலுவலக வேலைக்கு நாங்கள் கிராஸ்டூல்-என்ஜியைத்தான் பயன்படுத்துகிறோம், அதையே பரிந்துரைக்கவும் செய்வேன். ஆனால் புதிதாக வருபவர்கள் ஒருமுறை கையால் கட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்று ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய வழிகாட்டி நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் தொடக்க அத்தியாயங்களைப் பார்த்துக் கட்டினாலே போதும். கட்டியவருக்கு மெனுவில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியும் எதைக் கேட்கிறது என்று தெரியும். கட்டாதவர் கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்திக்கொண்டே போவார்.

கட்டிய பிறகு செய்ய வேண்டிய ஒரு காரியம் பாக்கி. ஆலையில் மாட்டிய போர்டு பல வருடம் ஓடும். ஒரு நாள் அதில் ஒரு வரி திருத்த வேண்டி வரும். அன்றைக்கு அதே கம்பைலர் வேண்டும். ஜிசிசியிடம் பதிப்பைக் கேட்டால், தான் எந்தெந்த விருப்பங்களோடு கட்டப்பட்டேன் என்ற முழு வரியையும் அதுவே சொல்லும். அது உருவாக்கும் நிரல்களிலும் ‘காமென்ட்’ என்ற பகுதியில் தன் பதிப்பு எண்ணைப் பதித்து வைக்கும். கட்டும்போதே நம் சொந்த அடையாளத்தைக் கொடுத்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதுவும் வரும். எங்கள் அடையாளத்தில் போர்டின் பெயரும் கட்டிய மாதமும் இருக்கும். அந்த அடையாளத்தையே பெயராகக் கொண்ட ஒரு கோப்புறையில் இறக்கிய சோர்ஸ் பொட்டலங்கள், அவற்றின் கையொப்பங்கள், கிராஸ்டூல்-என்ஜியின் அமைப்புக் கோப்பு, ஜிலிப்சி, கர்னல் ஹெட்டர் பதிப்புகள் எழுதிய ஒரு குறிப்பு ஆகியவற்றைப் போட்டு, ஒரு பிரதியை அலுவலகத்துக்கு வெளியேயும் வைக்கிறோம்.